கப்பல் கரைக்கு வந்த அத்தியாயம்

எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் போட்டுவிடும். மூட்டையும் ஆளும் தோணியில் ஏறிப்போய்த்தான் கப்பலைச் சேர வேண்டும். வெயில் ஏறிய பிறகு கடற்கரையில் நின்று பார்த்தால், கப்பல் தண்ணீரை விட்டு ஒரு சாண் எழும்பி ஆகாயத்தில் தொங்குவது போலிருக்கும். பெரியம்மாவின் கதையில் மட்டும் கப்பல் நேராக அரண்மனைப் படித்துறைக்கே வந்து நிற்கும். ஒன்பது வயதில் எனக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. ராஜாக்கள் காலத்தில் தூத்துக்குடிக் கடல் இன்னும் ஆழமாக இருந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பெரியம்மாவின் கதை என்று நாங்கள் சொன்னது ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டரை வருஷம் தொடராக வந்த ராஜா காலத்துக் கதை. அதன் பெயரைச் சொன்னாலும் இன்று யாருக்கும் நினைவிருக்காது. முத்துக் குளிக்கும் ஒரு துறையின் இளவரசிக்கும், கடல் கடந்து சண்டைக்குப் போன ஒரு படைத்தலைவனுக்கும் நடுவில் நடக்கிற காதல். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பெரியப்பாவுக்கு ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நாலு மாதம் இருப்பார். குழந்தை கிடையாது. அவர் அங்கே இருக்கும்போது பெரியம்மா எங்கள் வீட்டில் இருப்பாள்.

கடைசித் தடவை வந்திருந்தபோது, பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து வைத்திருந்த பக்கங்களையெல்லாம் அவர்தான் பைண்டு பண்ணக் கொடுத்தார். மூன்று பாகம். சிவப்புத் துணி அட்டை, பச்சை, நீலம். பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த நாலு மாதமும் சாயங்காலங்களில் அவர் வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவர் தோணி ஏறினார். போகும்போது என் தலையில் கை வைத்து, "இனி நீ வாசிச்சுக் குடும்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கு வாசிப்பில்தான் நல்ல மார்க்கு. அதனால் இது எனக்குத் தகுந்த உத்தியோகமாகத்தான் தோன்றியது.

அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடைக்கு வருகிற மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளுகிற வேலை வீட்டில் பெரியம்மாவுடையது. மத்தியானம் பின்முற்றத்து வேப்ப மர நிழலில் சாக்கை விரித்து அவள் உட்காருவாள். நெடி ஏறாத தூரத்தில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நான் உட்காருவேன். கதையில் குவியல் குவியலாக முத்து கொட்டும். பெரியம்மாவின் முன்னால் சிவப்பாக வத்தல் குவியும். அவ்வளவு முத்தை வாசித்த நான், கண்ணால் ஒரு முத்தைப் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிந்து எங்கள் கடலில் முத்துக் குளித்ததே இல்லை. சிப்பி விளையவில்லை என்று அப்பா சொல்வார். கடலில் மூழ்கும் குளிகாரர்கள் சங்குதான் எடுத்து வந்தார்கள். சங்கைக் குவித்து அழுகவிடும் சரக்குக் கிட்டங்கிப் பக்கமிருந்து காற்றடித்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

மூன்று பாகமும் முடிந்தால் பெரியம்மா கையிலிருந்த வத்தலைப் போட்டுவிட்டு, "சரி, மொதல்லருந்து வாசி" என்பாள். இப்படி ஆறோ ஏழோ தடவை ஆகியிருக்கும். வரிசையாக வாசிக்காத நாட்களும் உண்டு. தலைவலி என்றால் முதல் பாகத்தில் முத்துக்குளி விழா. அம்மாவோடு மனத்தாங்கல் என்றால் இரண்டாம் பாகத்தில் கோட்டை முற்றுகை. யானைகள் கதவை முட்டுகிற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வாள். ரங்கூன் கடிதம் வர வேண்டிய வாரத்தில் வராவிட்டால் மூன்றாம் பாகத்தில் கப்பல் திரும்பி வருகிற அத்தியாயம். எந்த நோவுக்கு எந்தப் பக்கம் என்பது எனக்கே அத்துப்படியாகிவிட்டது. கதையில் படைத்தலைவனுக்கு நாலு பட்டப்பெயர் உண்டு. பெரியம்மா ஒன்றையும் சொல்ல மாட்டாள். "அவுக கப்பல்ல ஏறியாச்சா?" என்பாள். "அவுகளுக்குக் காயம் பட்டுச்சுல்லா, அந்த எடத்த வாசி" என்பாள். மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு யுத்தம் கிழக்கே வந்தது. ரங்கூன் விழுந்துவிட்டது என்று அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். ஊர் எப்படி விழும் என்று எனக்குப் புரியவில்லை. கடிதம் நின்றுபோயிற்று. கப்பல் வரும் அத்தியாயத்தை அந்த மாதம் நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. சித்திரை பிறக்கும் முன்பே கொழும்பில் குண்டு போட்டுவிட்டார்கள். அடுத்தது தூத்துக்குடிதான் என்று எல்லாரும் பேசினார்கள். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மாட்டு வண்டிகள் மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

அம்மா அப்போது ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே, இன்னொன்று பிறந்த மூன்றாம் நாள். அதனால் அப்பா ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அவருக்குப் பழக்கமான வயற்காரர் ஒருவர் வாய்க்காலை ஒட்டி ஒரு வீட்டை ஒழித்துக் கொடுத்திருந்தார். "ஆளுக்கு ஒரு பெட்டிதான், அதுக்கு மேல வண்டி தாங்காது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

பெரியம்மா தன் பெட்டியில் பாதி இடத்தைப் புடவைக்கும் பாதியைப் புத்தகத்துக்கும் ஒதுக்கினாள். அடுக்கி வைக்கிற வேலை எனக்கு. என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. கடற்கரையில் பொறுக்கிய சோழியும் சிப்பியும் உடைந்த சங்கும் நிறைய. என் துணிகளை அம்மாவின் பெட்டியில் திணித்தாயிற்று, டப்பாவுக்கு எங்கேயும் இடமில்லை. நான் நீலப் புத்தகத்தை எடுத்து அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னால் செருகிவிட்டு, அந்த இடத்தில் டப்பாவை வைத்து மேலே ஒரு புடவையைப் போட்டு மூடினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவோம், அதற்குள் முதல் பாகம்கூட முடியாது என்று கணக்குப் போட்டேன்.

அப்பா கடையைப் பார்க்கத் திரும்பிப் போய்விட, நாங்கள் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தோம். தூத்துக்குடியில் யாரும் குண்டு போடவில்லை. மூன்றாம் பாகம் பஞ்சாங்கங்களோடு பத்திரமாக இருந்தது.

அந்தக் கிராமத்தை இப்போது நினைத்தால் பச்சையாக ஒரு தூக்கம் தூங்கி எழுந்தது போலத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் வெளிச்சம் உப்பளத்தில் பட்டுக் கண்ணைக் குத்துகிற வெளிச்சம். இங்கே அது வாழை இலை வழியாக இறங்கி, வாய்க்கால் தண்ணீரில் விழுந்து, வீட்டுச் சுவரில் நெளிந்துகொண்டிருக்கும். தட்டாம்பூச்சிகள் ஒரே இடத்தில் நின்றபடி பறக்கும். அலைச் சத்தம் இல்லாததால் ஏதோ பெரிய பிராணி எங்களையெல்லாம் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டது போலிருந்தது. பெரியம்மா, "காது அடைச்ச மாதிரி இருக்குளா" என்று முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அம்மா உள்ளே படுத்துவிடுவாள். பெரியம்மா வாய்க்கால் படியில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காருவாள். நான் மேல்படியில் உட்கார்ந்து வாசிப்பேன்.

சிவப்பு முடிந்தது. பச்சையை என்னால் முடிந்த மட்டும் மெதுவாக வாசித்தேன். தொண்டை வலி என்று இரண்டு நாள் கடத்தினேன். அதுவும் முடிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த யோசனையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அட்டை அழுக்காகிறது என்று சொல்லி, இரண்டு புத்தகங்களுக்கும் பழைய பேப்பரில் உறை போட்டேன். சிவப்பு எது, பச்சை எது என்று இனி வெளியே தெரியாது. மறுநாள் பச்சைப் புத்தகத்தையே விரித்து வைத்துக்கொண்டு, "மூன்றாம் பாகம்" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன்.

முதலில் நன்றாகவே ஓடியது. ஏழு தடவை வாசித்ததில் பக்கம் பக்கமாக மனப்பாடம். ஆனால் கதாசிரியருக்குப் புயலை வர்ணிப்பதில் ஆசை அதிகம். கப்பல் திரும்பி வருவதற்கு முன்னால் பதினெட்டுப் பக்கம் புயலடிக்கும். பாய்மரம் ஒடியும், சுக்கான் உடையும், படைத்தலைவன் ஒரு பலகையைப் பிடித்து நீந்துவான். எனக்கு எது முதலில் ஒடியும் என்று மறந்துவிட்டது. தடுமாறி, புயலையே விட்டுவிட்டுக் கப்பலைப் பட்டப்பகலில், சாதுவான கடலில், படித்துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இறங்கி வந்ததும் படைத்தலைவன் இளவரசியைப் பார்த்து மூன்று பக்கத்துக்குச் செந்தமிழில் பேசுவான். அதில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. எனக்கு வேறு பசி. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து பொட்டுக்கடலைத் துவையலுக்குத் தாளித்த வாசனை வந்துகொண்டிருந்தது. "படைத்தலைவன் படிகளில் ஏறி வந்தான். 'மிகவும் பசிக்கிறது. கஞ்சி இருக்கிறதா?' என்று கேட்டான்" என்று வாசித்துவிட்டேன்.

பெரியம்மா தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள். "என்னது?"

"கஞ்சி இருக்கிறதான்னு கேட்டான்."

"முன்னால வாசிக்கும்போது இப்படி வரலியே."

"அப்ப ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு, பெரியம்மா. இப்பதான் பிரிஞ்சிருக்கு."

அவள் பேப்பர் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "வச்சிருப்பா. வச்சிருக்காம என்ன? மேல வாசி" என்றாள். நான் இளவரசியைச் சமையற்கட்டுக்கு அனுப்பினேன். பொற்கலத்தில் கஞ்சி ஊற்றினேன். துவையலும் சுட்ட கருவாடும் வைத்தேன். அரண்மனை ஆகையால் கருவாட்டைப் பெரிய துண்டாக வைத்தேன். படைத்தலைவன் ஒன்றும் பேசாமல் குடிக்க, இளவரசி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். பெரியம்மாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாளும் அதையே வாசிக்கச் சொன்னாள். ஏமாந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே குதூகலம். அதற்குப் பிறகு நான் கதாசிரியரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

ஆனி கடைசியில் ஒருநாள் மத்தியானம், வாய்க்கால் கரையோடு ஒரு ஆள் நடந்து வந்தார். கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. கன்னம் ஒட்டி, சட்டை இரண்டாள் சட்டை மாதிரித் தொங்கியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தானாம். ரங்கூனில் பெரியப்பாவோடு அதே மில்லில் வேலை பார்த்தவர். அங்கேயிருந்து நடந்தே வந்து, ரயிலேறி ஊர் சேர்ந்து நாலு நாள் ஆயிற்றாம். தூத்துக்குடிக்காரர் குடும்பம் இங்கே வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தேன் என்றார். பெரியம்மாவை அண்ணன் மனைவி முறை வைத்து "மயினி" என்று கூப்பிட்டார்.

பெரியம்மா எழுந்து நின்றாள். "ஏளா, உள்ள போயி அண்ணாச்சிக்குக் கஞ்சி எடுத்துட்டு வா. அம்மா தூங்குதா, சத்தங்காட்டாத" என்றாள்.

நான் கஞ்சியும் துவையலும் கருவாடும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவர் படியில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா நின்றபடியே இருந்தாள். அவள் கிண்ணத்தை வாங்கி அவர் முன்னால் வைத்தாள். அவர் குடித்துக்கொண்டே அழுதார். துவையலில் வத்தல் கூடிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் எடுத்து வர மறுபடி ஓடினேன். எழுந்து போகும்போது அவர் ஏதோ சொல்ல வந்தார். பெரியம்மா வீட்டு வாசலைக் கண்ணால் காட்டி, "அவ பெத்துப் பொழைக்கட்டும். அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாதீக" என்றாள். அம்மாவுக்குத் தெரியாமல் கஞ்சி கொடுத்ததைத்தான் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். வெளியாளுக்குக் கருவாடும் இரண்டு துண்டு கொடுத்திருந்தாள்.

அவர் போன பிறகு அவள் கிண்ணத்தை வாய்க்காலில் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு மேலே பார்க்காமல், "கப்பல் வார எடத்த வாசி" என்றாள்.

நான் பச்சைப் புத்தகத்தை விரித்தேன். நானே கட்டிச் சொன்னதில் நடுவே ஒரு வரி எனக்கு மறந்துபோயிற்று. திக்கினேன். பெரியம்மா தண்ணீரைப் பார்த்தபடியே எடுத்துக் கொடுத்தாள்: "இளவரசி அவனை 'ஏன் இவ்வளவு நாள்' என்று கேட்கவில்லை." ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் தொடர்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகமெல்லாம் தண்ணீராக இருந்தது. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

பெரிய கதாசிரியர் எழுதிய பதினெட்டுப் பக்கப் புயலுக்கு அவள் ஒரு தடவையும் அழுததில்லை. என் கஞ்சிக்கு அழுகிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். படைத்தலைவன் இரண்டாம் தடவை கஞ்சி கேட்டான். கால் வலிக்கிறது என்றான், இளவரசி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அன்றும் அழுதாள். அப்புறம் தினமும் அதுதான்.

அதே நாட்களில் எனக்கு வேறு யோகங்களும் அடித்தன. அந்த ஊர்ப் பிச்சி வாசனை தலைவலிக்கிறது என்று தனக்கு வருகிற பூவையெல்லாம் பெரியம்மா எனக்கே வைத்துவிட்டாள். வயிறு சரியில்லை என்று மீனைத் தொடவில்லை; அவள் பங்கும் எனக்கு வந்தது. அம்மாவுக்கு எண்ணெய் தேய்ப்பது, கால் பிடித்துவிடுவது, மருத்துவச்சி சொன்ன கஷாயத்தை நேரத்துக்குக் கொடுப்பது எல்லாம் பெரியம்மாதான். அம்மா சில சமயம், "அத்தான் எப்படி இருக்காகளோ" என்று ஆரம்பிப்பாள். "வருவாக, நீ பேசாம படு" என்று பெரியம்மா போர்வையை இழுத்துவிடுவாள்.

ஆவணியில் தம்பி பிறந்தான். நல்ல கனமாக, ஊர் கூட்டுகிற குரலோடு. பெரியம்மாதான் முதலில் கையில் வாங்கினாள். நாற்பத்தொரு நாள் கழித்து அம்மாவுக்கும் குழந்தைக்கும் தலைக்கு ஊற்றிக் கோயிலுக்குப் போய் வந்தார்கள். அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, அம்மா பால் கொடுத்து, பிள்ளை தூங்குகிற வரைக்கும் பெரியம்மா காத்திருந்தாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, நாளைக்குச் சந்தைக்குப் போகணும் என்று சொல்வது போலச் சொன்னாள். நடந்து வந்த வழியில், மலைக்காட்டில், பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டாராம். கூட வந்தவர்கள் குழி தோண்டி வைத்துவிட்டு நடந்தார்களாம்.

அம்மா போட்ட சத்தத்தில் தம்பி விழித்து வீறிட்டான். "எப்பக்கா தெரியும்?" என்று அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆனியில ஒரு ஆளு வந்து சொன்னாரு."

"மூணு மாசமா? ஒத்தையிலயா வச்சிருந்த?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லாரும் அழுதார்கள், அவளைத் தவிர. அவள் சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவளை இப்படி நான் பார்த்ததில்லை. எந்த நோவுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, பெண்களுக்கு நடுவில் புகுந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கப்பல் வருகிற இடத்தை வாசிக்க ஆரம்பித்தேன்.

"ஏ பிள்ள, என்ன கூத்து இது! எந்திரி!" என்று ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. வாசிக்கட்டும்" என்றாள் பெரியம்மா.

அழுகைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்க வாசித்தேன். கப்பல் வந்தது, கஞ்சி ஊற்றினேன், வெந்நீர் வைத்தேன். ஒரு வரியும் மறக்கவில்லை. அந்தப் பெண்கள்கூட ஒவ்வொருத்தராக அழுகையை நிறுத்திக் கேட்டார்கள். பெரியம்மா என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, இடையில் ஒரு தடவை தலையசைத்தாள். ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அவள் அழ வேண்டியதையெல்லாம் அந்தப் படித்துறையில், என் கண் முன்னால், மூன்று மாதமாக அழுது தீர்த்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. தினமும் வாசித்து வாசித்து அந்த இடம் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். வேறு ஏதாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று யோசித்தபடியே பக்கத்தைப் புரட்டினேன்.